சிற்றாமையின் மறைவும் இல்லத்தாரின் துயரும்

குழந்தைகள் உள்ள சில இல்லங்களில் இக்காலத்தே சிறு கண்ணாடித் தொட்டி ஒன்று மேசைமீது வைக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். அதனுள் நாணயத்தினும் சற்றே பெரிய ஆமைக்குஞ்சு ஒன்று பச்சை ஓட்டுடன் நீந்திக்கொண்டிருக்கும். கண்ணுக்குப் பின்னே சிவப்புக் கோடு ஓடும் அவ்வாமையைச் செங்காது ஆமை என்பர். பிறந்தநாள் பரிசாகவோ, குழந்தையின் பிடிவாதத்திற்கு இசைந்தோ அது வீட்டிற்கு வந்திருக்கும். சில திங்கள் சென்றபின் ஒருநாள் காலையில் அது அசைவற்றுக் கிடக்கிறது. முதல்நாள் மாலைவரை நன்றாயிருந்தது என்று அனைவரும் சொல்கின்றனர். குழந்தை தேம்பி அழுகிறது. பெரியோர், "ஓர் ஆமைதானே, வேறொன்று வாங்கித் தருகிறோம்" என்று தேற்றுகின்றனர்.

நாம் இங்கு ஆராயப் புகுவது அந்தத் தேற்றுமொழியையே. அன்பினால் கூறப்படும் சொல்லாயினும், உயிர் அனைத்தையும் ஒப்ப நோக்கும் அறத்தில் பிறந்த இல்லத்தில் அது ஒலிக்கத் தக்கதன்று. குழந்தை அச்சொல்லிலிருந்து கற்பது இரண்டு: ஓர் உயிர்க்கு ஈடாக மற்றோர் உயிரை விலைகொடுத்துப் பெறலாம் என்பது ஒன்று, உருவில் சிறியதன் இறப்பு பொருட்படுத்தத் தக்கதன்று என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் மறுப்பதற்காகவே நம் முன்னோர் உயிர்களை அறிவு வகையால் பகுத்து ஓதினர்.

ஆமை எத்தகைய உயிர் என்பதை முதலில் நினைவு கூர்வோம். அது விலங்குகதியைச் சார்ந்த ஐயறிவுயிர், முட்டையிலிருந்து தோன்றுவது, மனமுடைய உயிர்களின் வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. மனமுடைய ஐயறிவு விலங்குகள் நற்காட்சி பெறவும், இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களை ஓரளவு ஏற்று ஐந்தாம் குணத்தானம் வரை உயரவும் கூடும் என்பது ஆகமக் கொள்கை. இருபதாம் தீர்த்தங்கரராகிய முனிசுவிரதநாதரின் இலாஞ்சனம் ஆமையே. ஜினாலயத்தில் அப்பெருமானின் பீடத்தில் செதுக்கிய ஆமையைத் தொட்டு வணங்கக் கற்பித்த குழந்தைக்கு வீட்டில் இறந்த ஆமையை "வெறும் ஆமை" என்று காட்டுவது பொருந்துமா என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

உணவு தரும் கையை ஆமை அடையாளம் காண்கிறது. காலடி ஓசை கேட்டுத் தொட்டியின் விளிம்புக்கு நீந்தி வருகிறது. நல்ல பேணுதல் கிடைத்தால் செங்காது ஆமை இருபது, முப்பது ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழவல்லது. ஆகவே ஓராண்டு நிரம்பாத ஆமையின் இறப்பு, வாழ்நாளின் தொடக்கத்திலேயே நேர்ந்த இறப்பு. குழந்தையின் அழுகைக்குத் தக்க காரணம் உண்டு.

இனி, செய்யத்தக்கவற்றுள் முதலாவது, இறப்பு நேர்ந்ததா என்பதை உறுதி செய்தல். உயிர் நீங்கிய உடலில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் தோன்றும் என்பதால் உடலை நெடுநேரம் வைத்திராமை நம் மரபு. ஆனால் ஆமையைப் பொறுத்தவரை அந்த விரைவு கேடாக முடியக்கூடும். ஆமை தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் உயிரன்று. சுற்றுப்புறம் குளிர்ந்தால் அதன் மூச்சும் இதயத் துடிப்பும் மிகமிகத் தளர்ந்துவிடும். மார்கழி இரவிலோ, குளிர்சாதனம் ஓடும் அறையிலோ, உதகை போன்ற மலையூரிலோ குளிர்ந்து விறைத்த ஆமை பார்வைக்கு இறந்ததுபோலவே தோன்றும். அதனை ஈரத்துணியில் பொதிந்து, 26 முதல் 28 பாகை செல்சியஸ் அளவான வெதுவெதுப்பில் மெல்ல மெல்லச் சூடேற்றிக் காத்திருத்தல் வேண்டும். வெந்நீரில் இடுதல் கூடாது. தலை மூழ்கும் நீரிலும் விடலாகாது. தொட்டியில் கல்லுக்கு அடியில் சிக்கி மூழ்கிக் கிடந்த ஆமையாயின், தலை கீழ்நோக்கியிருக்குமாறு பிடித்துக் கழுத்தை மெல்ல நீட்ட உள்ளே புகுந்த நீர் வடியும். ஆமை நீரில் வாழ்வதாயினும் மூச்சை நுரையீரலால் விடுவதே. ஆதலால் அதுவும் மூழ்கி இறக்கும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஊர்வனவற்றில் மூளை செயலிழந்த பின்னும் இதயம் நெடுநேரம் துடிப்பதுண்டு. எனவே ஐயம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே முறை. கண்கள் உட்குழிந்து, உடல் விறைத்து, துர்நாற்றம் தோன்றிய பின் ஐயத்திற்கு இடமில்லை.

இறந்தது உறுதியான பின் நாம் அறிய வேண்டியது, அவ்வுயிர் இனி அங்கில்லை என்பது. உடலை விட்ட உயிர் ஒரு சமயம் முதல் நான்கு சமயத்திற்குள் தன் அடுத்த பிறவியிடத்தை அடைந்துவிடும். சமயம் என்பது கண்ணிமைப் பொழுதினும் எத்தனையோ மடங்கு நுண்ணிய கால அலகு. ஆதலின் அது வீட்டைச் சுற்றி அலைகிறது என்றோ, நாம் படைப்பதை உண்ண வருகிறது என்றோ எண்ணுவதற்கு இடமில்லை. உடலுக்குச் செய்வதெல்லாம் அங்குள்ள பிற உயிர்களின் நலம் கருதியே.

புதைத்தலே எளிய வழி. அதிலும் சாவகர்க்குரிய கவனம் வேண்டும். பகற்பொழுதிலேயே குழி தோண்டுக. இரவில் மண்ணிலுள்ள சிற்றுயிர்கள் கண்ணுக்குத் தெரியா. எறும்புப் புற்று, ஈரமும் மண்புழுவும் மிக்க பாத்தி ஆகியவற்றைத் தவிர்த்து, காய்ந்து இளகிய மண்ணைத் தேர்ந்து, நாயும் பெருச்சாளியும் கிளறா ஆழத்தில் புதைக்கலாம். பாலித்தீன் பையில் இட்டுப் புதைத்தல் வேண்டா. பழந்துணியோ தாளோ போதும். விரைவில் மட்கட்டும் என்று சுண்ணாம்பு கொட்டுவாரும் உளர். அது மண்வாழ் உயிர்களைச் சுட்டழிக்கும். நீரில் வாழ்ந்தது என்பதற்காகக் குளத்திலோ கிணற்றிலோ போடுவது, அதன் நோயை அந்நீரிலுள்ள உயிர்களுக்கு ஈவதாகும். ஆமையின் உடலிலும் தொட்டி நீரிலும் சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமி இருத்தல் இயல்பு. தொட்ட கைகளைச் சோப்பிட்டு நன்கு கழுவுதல் வேண்டும். குழந்தைகளுக்கு இக்கிருமியால் நோய் பரவிய காரணத்தாலேயே அமெரிக்க நாட்டில் 1975 ஆம் ஆண்டு முதல் நான்கு அங்குலத்திற்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளை விற்பது தடை செய்யப்பட்டுள்ளது. செங்காது ஆமையின் தாயகமே அந்நாட்டின் மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்கு என்பது ஈண்டு கருதத்தக்கது.

இனித் துயரத்தைப் பற்றிச் சிந்திப்போம். உமாசுவாமி முனிவர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் ஆர்த்தத் தியானம் நான்கு வகைப்படும் என்கிறார். விரும்பாதது வந்து கூடுதல், விரும்பியது பிரிதல், நோயின் வேதனை, மறுமை இன்பத்தை அவாவுதல் ஆகியவற்றில் மனம் திரும்பத் திரும்பப் பதிந்து நிற்பதே அது. ஆமையை இழந்த குழந்தையின் நிலை இரண்டாவதாகிய இஷ்ட வியோகம். இது வினைக்கட்டுக்குக் காரணமாவது என்பதால், "அழாதே, அழுவது பாவம்" என்று சிலர் குழந்தையை அதட்டுகின்றனர். அவர்கள் அந்நூலை முழுவதும் நோக்கினாரல்லர். அடுத்துவரும் சூத்திரத்தில் அவ்வாசிரியரே, ஆர்த்தத் தியானம் விரதமில்லார்க்கும், அணுவிரதியர்க்கும், ஆறாம் குணத்தானத்தில் நிற்கும் முனிவர்க்கும் உண்டாவது என்று ஓதுகிறார். மாவிரதம் பூண்ட முனிவரிடத்தும் பிரிவுத்துயர் எழக்கூடும் எனின், ஏழு வயதுக் குழந்தை அழுவதில் வியப்பென்ன? அதனைக் குற்றமாகச் சுமத்துதல் முறையாகாது.

துயரும் இரக்கமும் ஒன்றுபோல் தோன்றினும் வெவ்வேறு என்பதை இவ்விடத்தே தெளிதல் வேண்டும். அதே நூலின் ஆறாம் அத்தியாயம், தன்னையும் பிறரையும் துன்பத்தில் ஆழ்த்தும் சோகமும் அரற்றலும் அசாதா வேதனீயத்தின் வருகைக்குக் காரணம் என்றும், உயிர்களிடத்துக் கொள்ளும் அனுகம்பை சாதா வேதனீயத்தின் வருகைக்குக் காரணம் என்றும் பிரித்துரைக்கிறது. "என் ஆமை போய்விட்டதே" என்பது சோகம். "அது எத்துணை வருந்திற்றோ" என்பது அனுகம்பை. முன்னதில் "என்" என்பது தலைமை தாங்குகிறது. பின்னதில் அவ்வுயிரே முன் நிற்கிறது. அழும் குழந்தையின் உள்ளத்தில் இரண்டும் கலந்தே இருக்கும். முன்னதை அடக்க முற்படுவதை விடப் பின்னதைப் பேச விடுவதே பெரியோர் செய்யத்தக்கது. அது என்ன உண்டது, எங்கே வெயில் காய்ந்தது, எப்போது முதல் கண்ணை மூடியே இருந்தது என்று குழந்தையைக் கேட்டுப் பாருங்கள். பெரியோர் எவரும் கவனியாத நோய்க்குறிகளை அக்குழந்தை ஒவ்வொன்றாகச் சொல்லும்.

குழந்தைக்கு எவ்வாறு செய்தியைச் சொல்வது? "தூங்குகிறது" என்று சொல்லற்க; அன்றிரவு முதல் குழந்தை தூங்கவே அஞ்சும். "ஊருக்குப் போயிற்று" என்பதும் பொய். வாய்மை விரதத்திற்கு இழுக்கு. "சாமி எடுத்துக்கொண்டார்" என்பதோ நம் சமயக் கொள்கைக்கே முரணானது. உயிர்களைப் படைத்து அழிக்கும் ஒருவரை நாம் வணங்குவதில்லை. விருப்பு வெறுப்பற்ற அருகப் பெருமான் ஒரு குழந்தையின் ஆமையை எடுத்துச் செல்கிறார் என்று கற்பித்துவிட்டுப் பின்னர் பாடசாலையில் வேறுவிதமாகக் கற்பிப்பது எங்ஙனம்? "ஆமை இறந்துவிட்டது. அதன் உடல் இனி அசையாது, உண்ணாது, அதற்கு வலிக்காது. அதன் உயிர் வேறு பிறவிக்குச் சென்றுவிட்டது" என்று நேராகச் சொல்வதைக் குழந்தைகள் நன்றாகவே தாங்கிக்கொள்கின்றனர்.

"எந்தப் பிறவிக்கு?" என்று அடுத்த வினா வரும். "தேவனாகிவிட்டது" என்று சொல்ல ஆசை எழுதல் இயல்பு. சீவக சிந்தாமணியில் அடியுண்டு துடித்த நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்காரத்தை ஓத, அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று என்பதை நாம் அனைவரும் அறிவோம். அக்கதையைக் குழந்தைக்குச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் அதன் பொருளை மாற்றிச் சொல்லலாகாது. சீவகன் மந்திரம் ஓதியது நாய் உயிரோடிருந்து கேட்டபோது. திருத்தக்கதேவர் காட்டுவது சாகும் உயிரின் அருகே ஒருவன் அமர்ந்து தன் நேரத்தை அதற்கு ஈந்ததையே. இறந்த பின் நாம் ஓதுவது நம் உள்ளத்தைத் தூய்மை செய்யும்; சென்ற உயிரின் கதியை மாற்றாது. "அதன் வினைக்கேற்ற பிறவி, எதுவென்று கேவல ஞானியே அறிவார், நன்றாயிருக்கட்டும் என்று நாம் எண்ணுவோம்" என்பது உண்மையான விடை. சொல்வதற்குச் சற்றுக் கடினமாயினும் குழந்தை அதனை நினைவில் வைத்துக்கொள்ளும்.

மூன்றாவது வினா சில குழந்தைகள் வாய்விட்டுக் கேட்பது; பல குழந்தைகள் கேளாமல் உள்ளே வைத்திருப்பது: "என்னால்தான் செத்ததா?" இதற்கு விடை ஐயத்திற்கிடமின்றி அமைதல் வேண்டும். ஆமையை வாங்கியவர் பெரியோர். வளர்க்கும் முறையை அறிய வேண்டியவரும் பெரியோரே. ஒருநாள் உணவிட மறந்தமையால் ஆமை இறப்பதில்லை. அவ்வளவு எளிதில் இறக்கும் உயிரன்று அது. பொறுப்பு குழந்தையின் தோளில் ஏறிவிடாமல் காத்தல் தாய்தந்தையர் கடன். குழந்தை ஒருநாழிகை அழுது, மறுநாழிகை விளையாடி, இரவில் மீண்டும் அழுவதைக் கண்டு நடிப்பென்று எண்ணற்க. சிறுவர் துயர் அங்ஙனமே வந்து வந்து போகும். புதைக்குமிடத்திற்கு வர விரும்பினால் வரட்டும். வர மறுத்தால் இழுத்துச் செல்ல வேண்டா. தனித்து வாழும் முதியோர்க்கும் இத்தகைய சிற்றுயிர் பேச்சுத்துணையாக இருப்பதுண்டு. அவர்தம் இழப்பு எள்ளி நகையாடத் தக்கதன்று.

குழந்தையின் தோளிலிருந்து இறக்கிய பொறுப்பு எங்கே செல்கிறது? அது பெரியோரிடம் வந்து நிற்கிறது. இதனைப் பேசாமல் விட்டுவிட்டுத் துயர் தீர்க்கும் வழி மட்டும் கூறுவது அரைகுறையான பாடம்.

"அதன் ஆயுள் அவ்வளவுதான்" என்று கூறி அமைவோர் உளர். ஆயுள் கருமம் முழுதும் அனுபவித்தே தீர்வது என்பது எல்லா உயிர்க்கும் உரிய விதியன்று. தேவர், நரகர், சரம உடலினர், போகபூமியார் போன்றோர்க்கே ஆயுள் குறைவுபடாது. ஏனைய மாந்தர்க்கும் விலங்குகட்கும் நஞ்சு, படைக்கலம், பசி, குளிர் முதலிய புறக்காரணங்களால் ஆயுள் விரைந்து தீர்ந்து அகால மரணம் நேரலாம் என்பதே நம் நூற்கொள்கை. எனவே ஆமையின் ஆயுளைக் காரணம் காட்டி நாம் விலகிக்கொள்ள இயலாது. காரணத்தைத் தேடியே ஆக வேண்டும்.

தொட்டியில் வளரும் ஆமைக்குஞ்சுகள் இறக்கும் காரணங்கள் பெரும்பாலும் அறியப்பட்டவையே. குஞ்சுக்கு 26 பாகைக்குக் குறையாத நீர் வேண்டும். நீரிலிருந்து ஏறி முற்றும் உலர்ந்து காய்வதற்கு 30 பாகைக்கு மேற்பட்ட சூடுடைய மேடு வேண்டும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அதன் மேனியில் பட்டால்தான் வைட்டமின் டி உண்டாகிச் சுண்ணாம்புச்சத்து ஓட்டில் சேரும். சன்னல் அருகே வைத்திருக்கிறோமே என்பர். சன்னல் கண்ணாடி அக்கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். வெளிச்சம் வரும், பயன் வாராது. அதனால் ஓடு மெத்தென்று இளகி, எலும்பு வளைந்து, குஞ்சு மெலிகிறது. வைட்டமின் ஏ குறைந்தால் இமைகள் வீங்கிக் கண் மூடிக்கொள்ளும். கண் தெரியாத ஆமை உண்ணாது. நீர் குளிர்ந்தால் நுரையீரல் நோய் பற்றும்; அப்போது அது ஒருபக்கம் சாய்ந்தவாறு மிதக்கும், மூக்கில் குமிழி தோன்றும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும். உண்டதும் கழித்ததும் ஒரே நீரில் கலப்பதால், வடிகட்டி இல்லாத சிறு தொட்டி ஓரிரு நாளில் நஞ்சாகிறது. ஆமை தன் நோயை வெளிக்காட்டாமல் நெடுநாள் பொறுத்திருக்கும் இயல்பினது. காட்டாளிக்கு இரையாகாதிருக்க இயற்கை தந்த தற்காப்பு அது. "நேற்றுவரை நன்றாயிருந்தது" என்று நாம் கூறுவதன் உட்பொருள் இதுவே. பல வாரங்களாக நலிந்திருந்ததை நாம் நேற்றுவரை காணவில்லை.

இவை அனைத்தினும் நம் இல்லங்களுக்கே உரிய சிக்கல் ஒன்றுண்டு. செங்காது ஆமை முதிர்ந்தபின் கீரையும் நீர்த்தாவரமும் மிகுதியாக உண்ணும். ஆனால் குஞ்சுப் பருவத்தில் அது பெரும்பாலும் புழு, பூச்சி, சிறுமீன் முதலியவற்றையே உண்பது. கடையில் அதற்கென விற்கும் உருண்டைத் தீனியும் மீன்தூள், இறால்தூள் முதலியன கலந்ததே. புலால் புகாத நம் வீட்டில் அதற்கு என்ன இடுவது? சிலர் உண்மையறியாது தீனியை வாங்கி இடுகின்றனர். தீனியில் என்ன கலந்துள்ளது என்பதை அறிந்த சிலர், சோறும் ரொட்டித் துண்டும் கீரையும் இட்டு, "நம்மோடு சேர்ந்து நம் ஆமையும் சைவம்" என்று மகிழ்கின்றனர். முதல்வர் ஓர் உயிரை வளர்க்கப் பல உயிர்களின் கொலைக்குத் துணை போகின்றனர். இரண்டாமவர் அந்த ஓருயிரையே மெல்ல மெல்லப் பட்டினியிடுகின்றனர். நம் ஒழுக்கத்திற்கு இசைந்து ஆமைக்குஞ்சை நலமாக வளர்க்கும் வழி ஒன்றும் இவ்விரண்டுக்கும் இடையே இல்லை என்பதே நம் துணிபு. இதனைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

கொல்லாமை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களை இவ்விடத்தே நினைவு கூர்வோம்: கட்டி அடைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். மாடும் குதிரையும் வைத்திருந்த காலத்து இல்லறத்தாரை நோக்கி ஓதப்பட்ட இவை இன்று நமக்கு வேண்டாதன என்று கருதுவோர் உளர். ஒரு முழ நீளத் தொட்டியை நோக்குக. முதலாவதும் ஐந்தாவதும் அங்கே ஒருங்கே நிகழ்கின்றன. அன்போடு செய்யினும் அடைப்பு அடைப்பே.

ஆயினும், ஆமையை இழந்த இல்லத்தாரைக் கொலையாளர் என்று தூற்றுதல் நம் நோக்கமன்று. தம்மைத் தாமே அவ்வாறு தூற்றிக்கொள்வோரும் உளர், அதுவும் வேண்டா. மறதியும் சோர்வும் கலந்த முயற்சியால் உயிர்க்கு ஊறு செய்வதே இம்சை என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் இலக்கணம். குந்தகுந்தர் பிரவசனசாரத்தில் இதனை மேலும் நுணுகி, உயிர் இறப்பினும் இறவாதொழியினும் கவனமின்றி ஒழுகுபவனுக்கு இம்சை உண்டு என்றும், விழிப்போடு ஒழுகுபவனுக்கு வெறும் ஊறு நேர்ந்தமையால் மட்டும் கட்டு உண்டாகாது என்றும் தெளிவுறுத்துகிறார். ஆகவே ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ளத்தக்கது, "ஆமை இறந்ததா" என்பதன்று. "நாம் விழிப்போடு இருந்தோமா" என்பது. முறையறிந்து, மருத்துவரிடம் காட்டி, இயன்றன செய்தும் அது இறந்திருப்பின் மனத்தை அலைக்கழிப்பதற்கு யாதொரு காரணமும் இல்லை. கேட்டறிய வாய்ப்பிருந்தும் கேளாதிருந்தோம் எனின், அதற்கு நம் மரபில் வழி உண்டு: தன்னைத்தான் கடிந்துகொள்ளும் நிந்தை, பெரியோர் முன் சொல்லும் கர்ஹை, மீண்டும் அதனில் புகாதிருக்கும் பிரதிக்கிரமணம். மூன்றும் முடிவுடைய செயல்கள். செய்து முடித்தபின் எழுந்து மற்ற கடன்களைப் பார்க்க வேண்டியதுதான். முடிவின்றித் தன்னை வருத்திக்கொண்டிருப்பது முன் கூறிய ஆர்த்தத் தியானத்தில் போய் முடியும்.

இடையே ஒன்று சொல்ல வேண்டியுளது. ஆமை இறந்த வீட்டில் உறவினர் வந்து, "ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று அன்றே சொன்னோமே" என்பர். வேறு சிலர், "வாஸ்துவுக்கு வாங்கிய ஆமை இறந்தால் வீட்டின் கண்ணேறு அதனோடு போயிற்று" என்று மகிழ்ச்சி தெரிவிப்பர். ஆமை செல்வம் தரும் என்று வாங்குவதும், வறுமை தரும் என்று அஞ்சுவதும் ஒரே உலக மூடத்தின் இரு முகங்கள். நற்காட்சியுடையார் இரண்டினையும் செவியில் வாங்கார். அதிர்ஷ்டத்திற்கென நட்சத்திர ஆமை வைத்திருப்போர் சட்டத்தையும் அறிந்திருத்தல் நன்று. 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதனைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். 2022 ஆம் ஆண்டில் நிறைவேறி 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி அது முதல் அட்டவணையில் வைத்துப் பாதுகாக்கப்படுகிறது.

காலியான தொட்டியில் வேறோர் ஆமையை விடலாமா? இதுகாறும் கூறியவற்றை நோக்கின் விடை வெளிப்படை. இறந்ததைக் குழந்தை அறியாவண்ணம் அதேபோன்ற மற்றொன்றைக் கொண்டுவந்து இரவோடிரவாக மாற்றிவைக்கும் பெற்றோரும் உளர். குழந்தை ஓட்டின் கோலத்தைக் கொண்டே கண்டுபிடித்துவிடும். ஆமைக்கு ஆமை அக்கோலம் வேறுபடும். அதன்பின் பெற்றோரின் எச்சொல்லையும் அது முழுதும் நம்பாது.

இன்னும் சில இல்லங்களில் இரண்டு ஆமைகள் வளர்ந்திருக்கும். ஒன்று இறந்தபின் மற்றதைப் பார்க்க மனம் பொறாமல், "உயிர்க்கு விடுதலை தருவோம்" என்று கோயில் குளத்திலோ ஏரியிலோ கொண்டுபோய் விடுகின்றனர். ஜீவதயை என்னும் பெயரால் நிகழும் பெரும்பிழை இது. செங்காது ஆமை நம் நாட்டு உயிரன்று. அது வளர்ந்து 25 சென்டிமீட்டர் நீளம் வரையும் பெருகும். நம் நீர்நிலைகளில் உள்ள நாட்டு ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் கைப்பற்றும். அவை அறியாத நோய்களைப் பரப்பும். கேடு மிகுந்த 100 அயலுயிர்களுள் ஒன்றாக உலக அறிஞர்கள் அதனைப் பட்டியலிட்டுள்ளனர். ஒரு தொட்டியில் நிகழ்ந்த துன்பத்தை ஒரு குளம் முழுதும் பரப்புவது அருளாகாது.

அந்த இரண்டாம் ஆமைக்குச் செய்ய வேண்டியவை வேறு; அவற்றுக்கு நாள் கடத்தலும் ஆகாது. முதலாவதைக் கொன்ற நோய் அதனையும் பற்றியிருக்கலாம். அன்றே தொட்டி நீரை முழுதும் இறைத்து, அந்நீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாமல் கழிவறையில் ஊற்றி, தொட்டியைக் கழுவி, ஓரிரவு வைத்துத் தெளிந்த நீரை நிரப்புக. நீரின் வெப்பத்தை அளந்து பார்க்க. காலை வெயிலில், பாதி நிழல் இருக்குமாறு, கண்ணாடி இடைப்படாமல் சிறிது நேரம் வைக்க. காக்கையும் பூனையும் அணுகாமல் ஒருவர் அருகே இருத்தல் வேண்டும். கண் வீங்கியிருக்கிறதா, ஓட்டின் விளிம்பு விரலுக்கு இளகுகிறதா, நேராக நீந்துகிறதா என்று நோக்கி, ஊர்வனவற்றுக்கு மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் செல்க. இறந்த ஆமையின் நோய்க்குறிகளைக் குழந்தை சொல்லக் கேட்டு எழுதிவைத்த தாளையும் உடன் கொண்டுசெல்க. அது மருத்துவருக்கு உதவும். குழந்தையையும் அழைத்துச் செல்லலாம். ஆமையைத் துணியில் ஏந்தி அமர்ந்திருக்கும் வேலையை அதற்கே விட்டுவிடலாம்.